ரீச்சரிடம் கேளுங்கள்: கிருபை முந்தியா, கட்டளை முந்தியா?

தவக்காலம் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றிவரும். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை: மெதடிஸ்த வீட்டில் பிறந்து, குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் அருள் என்றும் கிருபை என்றும் மாறி மாறி எழுதுவேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

அன்புள்ள ரீச்சர், எனக்கு வயது 63. தவக்காலம் நாற்பது நாளும் ஒரு நேரச் சாப்பாடுதான். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையைத் தவறவிடுவதில்லை. என் தம்பி இப்போது வேறொரு சபைக்குப் போகிறான். “அக்கா, நீ சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். இரட்சிப்பு கிருபையால் வருவது. உன் உபவாசமும் செபமாலையும் உன்னைக் காப்பாற்றாது” என்கிறான். எனக்குச் சீனி வருத்தமும் உண்டு. கிளினிக்கில் சாப்பாட்டை விடவேண்டாம் என்கிறார்கள். நேர்த்தி முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தம்பி சொல்வது சரியா? — வாசகி, பாசையூர்

தங்கச்சி, முதலில் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் உபவாசம் கேட்பது வருடத்தில் இரண்டே நாள்: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது வரைதான். நோயாளிகளை அது கட்டாயப்படுத்துவதில்லை. வயதாலும் வருத்தத்தாலும் சட்டமே உங்களை விட்டுவிட்டது. மருந்தைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி இறங்கி மயங்கி விழவும்கூடும். கிளினிக்கில் சொன்னபடி நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நேர்த்தி வைத்தது மனதை உறுத்தினால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அதிலிருந்து உங்களை விடுவிக்கவோ, அதை வேறொரு நற்செயலாக மாற்றித்தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு. இதை இந்தக் கிழமையே செய்யுங்கள்.

இனித் தம்பியின் பேச்சு. அவர் பிடித்திருக்கும் அடிப்படை சரியானது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. ஆனால் கத்தோலிக்கர் இதை மறுக்கிறார்கள் என்று அவர் நினைப்பது தவறு. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகிவிடலாம் என்ற பெலாஜியுவின் போதனையை 418 இல் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. 529 இல் ஒரேஞ்ச் சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசத்தின் தொடக்கமே அருளால்தான் வருகிறது என்றது. புரட்டஸ்தாந்த சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய திரெந்துச் சங்கமும் 1547 இல் அதையேதான் எழுதிவைத்தது: நீதிமானாக்கப்படுவதற்கு, அதாவது கடவுள் எங்களை நீதியுள்ளவர்களாக ஏற்பதற்கு, முன்னால் எங்களிடம் இருக்கும் எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது. 1999 ஒக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஒக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் லூதரன் உலக சம்மேளனமும் இது பற்றிக் கூட்டாகக் கையொப்பம் வைத்தன. 2006 இல் எங்கள் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். சண்டை முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடித்தளத்தில் இரு பக்கமும் ஒன்றாக நிற்கின்றன. உங்கள் தம்பிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

கிருபையைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் எதை எதிர்த்துக் கோபமாக எழுதினார் என்பதையும் பார்க்கவேண்டும். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய் எழுந்து விலகினார். மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாவும் விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்னால் வைத்தே பேதுருவைக் கண்டித்தார். மனிதன் நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், கிரியைகளினால் நீதிமானாக்கப்படுவதில்லை என்ற அந்தப் பெரிய வசனம் இந்தச் சாப்பாட்டுப் பந்திச் சண்டைக்கு அடுத்ததாகத்தான் வருகிறது. யார் யாரோடு இருந்து சாப்பிடலாம் என்பதுதான் அங்கே கேள்வி. யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சம ஆசனம், சம போசனம் என்று கேட்டுப் போராட வேண்டியிருந்த ஊர் இது. கோயிலுக்குள்ளேயே இருக்கை பிரிந்திருந்த காலத்தை எங்கள் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கிருபை எல்லாருக்கும் முந்தி வந்திருக்கிறது, பேந்து வந்து நீ வேலி போடாதே என்பதுதான் பவுலின் கோபம். பெரிய வெள்ளியன்று உபவாசம் இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்து அவர் அதை எழுதவில்லை.

உபவாசம் வீணா என்றால், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைப் பாருங்கள். ஒக்ஸ்பர்ட்டில் படிப்பித்த காலத்தில் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார், சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார், நேரத்தைக் கணக்கு வைத்து வாழ்ந்தார். அப்படியும் மனதில் சமாதானம் இல்லை. 1738 மே 24 இரவு லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான் தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் உபவாசத்தை விட்டாரா? விடவில்லை. தன் மக்களுக்கு 1743 இல் எழுதிய விதிகளில் உபவாசத்தையும் சேர்த்துத்தான் வைத்தார். செயல் அதேதான். முன்பு கடவுள் தன்னை ஏற்கவேண்டும் என்பதற்காகச் செய்தார். பிறகு, அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதால் செய்தார்.

ஆகவே நீங்கள் உங்களையே கேட்டுப்பாருங்கள். ஒரு நாள் தவறினால் கடவுள் என்னை விட்டுவிடுவார் என்ற பயத்தில் பட்டினி கிடக்கிறீர்களென்றால், அந்த இடத்தில் தம்பி சொல்வதைக் கேளுங்கள். இயேசு பட்ட பாட்டை நினைத்து அன்பினால் செய்கிறீர்களென்றால் யாருக்கும் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. தம்பியிடமும் ஒன்று சொல்லுங்கள்: வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று சொல்லி மற்றவனைத் தாழ்வாகப் பார்த்த பரிசேயனும் பிழை, செபமாலை சொல்லாததையே தன் பெருமையாகப் பிடித்துக்கொண்டு அக்காவைத் தாழ்வாகப் பார்ப்பதும் பிழை.

ரீச்சர், எல்லாம் கிருபை என்றால் பத்துக் கட்டளை எதற்கு? செய்வதைச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதாதா? எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதைக் கேட்டேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். — வாசகர், உடுவில்

தம்பி, சிரித்திருக்கக் கூடாது. பவுலே தனக்கு முன்னால் இந்தக் கேள்வியை எடுத்து வைக்கிறார். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் ஆறாம் அதிகாரம் தொடங்குகிறது. “கூடாதே” என்று அடுத்த சொல்லிலேயே பதில்.

பத்துக் கட்டளையை நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது ‘என்னையன்றி வேறே தேவர்கள் வேண்டாம்’ என்பதிலிருந்து தொடங்குகிறோம். யாத்திராகமத்தில் அது அப்படித் தொடங்கவில்லை. “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே” என்பதுதான் முதல் வார்த்தை. யூத மரபில் பத்து வார்த்தைகளில் முதலாவதாக எண்ணுவதும் இதைத்தான். பஸ்கா நடந்துவிட்டது, கடலைக் கடந்தாயிற்று, மன்னாவும் சாப்பிட்டாயிற்று. எகிப்தை விட்ட மூன்றாம் மாதம்தான் சீனாய் மலைக்கு வருகிறார்கள், அதற்குப் பிறகுதான் கட்டளை. இதைக் கைக்கொண்டால் உன்னை மீட்பேன் என்று கடவுள் எகிப்தில் வைத்து யாரிடமும் சொல்லவில்லை. யூதர் கடவுளின் தயவைச் சம்பாதிக்கத்தான் கட்டளைகளைக் கைக்கொண்டார்கள் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். யாத்திராகமத்தைப் பொறுமையாக வாசித்தவர் அப்படிப் பேசமாட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழுந்து நடந்தது. உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். மழைக்குள் செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், தென்மராட்சிக்கு. மீசாலைப் பக்கம் ஒரு சைவக் குடும்பம் எங்களுக்குப் படலையைத் திறந்தது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எந்தச் சமயம், எவ்வளவு காலம் நிற்பீர்கள் என்றும் கேட்கவில்லை. விறாந்தையில் பாய் விரித்துத் தந்தார்கள். என் மாமி மீன் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத குருநகர் மனுசி. அந்த வளவில் நாங்கள் இருந்த காலம் முழுக்க அவர் மச்சம் தொடவில்லை. தொடவேண்டாம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. விடிய எழும்பி முதல் ஆளாக முற்றம் கூட்டுவார். அது வாடகை என்று நினைத்தீர்களா? எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயமா? கிருபைக்கும் கட்டளைக்கும் என்ன உறவு என்று வகுப்பில் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். மாமி அதை வாழ்ந்து காட்டினார்.

யாக்கோபு நிருபம் இதற்கு எதிராகப் பேசுகிறதே என்று சிலர் கேட்பார்கள். “விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்” என்கிறார் யாக்கோபு. லூதருக்கு இந்த நிருபம் பிடிக்கவில்லை, 1522 இல் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். ஆனாலும் தன் வேதாகமத்திலிருந்து அதை எடுக்கவில்லை. அதே வருடத்தில் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நன்மை செய்யவா என்று கேட்பதற்கு முன்பே செய்துவிட்டிருக்கும் என்ற கருத்தில் எழுதினார். வெஸ்லி கேட்டது அந்த முன்னுரையைத்தான். யாக்கோபு யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். உடுப்பும் சாப்பாடும் இல்லாமல் நிற்கும் சகோதரனிடம் ‘சமாதானமாய்ப் போ, குளிர்காய்ந்து பசியாறு’ என்று வாயால் சொல்லி அனுப்புகிறவனை. பவுலும் அவனைக் கண்டித்திருப்பார். அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர்.

மன்னிப்புக் கேட்டால் போதாதா என்பதற்குச் சகேயுவின் கதையை வாசியுங்கள். வரி வாங்கிப் பணக்காரன் ஆனவன். இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார். திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்கிறான். ஆட்டைத் திருடி விற்றவனுக்கு மோசேயின் சட்டம் வைத்த அளவு அது. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்றதோ எந்தச் சட்டமும் கேட்காதது. நீங்கள் யாருக்கேனும் திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால், தம்பி, கொடுத்துவிடுங்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் முன்னோர் உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று என் பேரன் எங்கோ வாசித்துவிட்டு வந்து கேட்கிறான். அப்படியானால் எங்கள் விசுவாசம் பொய்யில் தொடங்கியதா? — வாசகர், வட்டுக்கோட்டை

ஐயா, பேரன் வாசித்தது உண்மை. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அரச பதவி என்று வைத்தார்கள். கலியாணமும் பிள்ளைகளின் பெயரும் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. பதிவில் கிறிஸ்தவர் தொகை பெருகியது. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் அந்தச் சபை கரைந்தேபோனது. அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தார்கள். 1687 இல் யோசவ் வாஸ் அடிகளார் ஏழையின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலை மக்களிடம் மறைந்திருந்து பணிசெய்தார். அந்தச் சில்லாலை இன்றும் விசுவாசத்தில் நிற்கிறது. அவருக்கு 2015 இல் கொழும்பில் புனிதர் பட்டமும் கிடைத்தது. சட்டம் கொடுத்த விசுவாசம் சட்டத்தோடு போனது, சட்டம் தடுத்த விசுவாசத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. பேரனுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் சபை பெரும்பாலும் 1816 இல் தெல்லிப்பழையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் வழியாக வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையிலேயே செமினரி வைத்தார்கள். அங்கேயும் படிப்பையும் வேலையையும் நினைத்துச் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். தொடக்கம் கலப்படமாக இருந்தது என்பதற்காகக் கடவுள் கை விலக்கிக்கொள்வதில்லை.

என் பெரியண்ணன் 1970களில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். திருச்சபைச் சட்டம் என்று சொல்லிப் பூசையும் இல்லை, சேமக்காலைக்குள் இடமும் இல்லை. வேலிக்கு வெளியே புதைத்தோம். அம்மா சாகும்வரை அழுதார். அண்ணனுக்கு அருள் இல்லையா ரீச்சர்? — வாசகி, ஊர்காவற்றுறை

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன், அம்மா. உங்கள் தாயார் சுமந்தது எந்தத் தாயும் சுமக்கக்கூடாதது.

அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்தது 1917 இன் திருச்சபைச் சட்டம். வேண்டுமென்றே தன்னுயிரை மாய்த்தவர்களுக்குக் கோயில் அடக்கம் இல்லை என்று அதில் இருந்தது. 1662 இன் அங்கிலிக்கன் செப புத்தகத்திலும் அதே தடை உண்டு. உயிர் கடவுளுடையது, அதை நாங்களாக எடுக்கக்கூடாது என்று காப்பதற்காக வந்த சட்டம், செத்தவரின் வீட்டாரைத் தண்டிப்பதாக முடிந்தது. 1983 இல் புதிய சட்டத் தொகுப்பு வந்தபோது அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். 1992 இன் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: கடும் மனவேதனையும் பயமும் மனநோயும் மனிதனின் பொறுப்பைக் குறைக்கும். அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாங்கள் நம்பிக்கை இழக்கக்கூடாது. தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனம் திரும்ப வாய்ப்பளிக்கக்கூடும். திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது.

எங்கள் சட்டங்களுக்குள் அருள் இப்படித்தான் வேலை செய்கிறது. சில நேரம் எவ்வளவு தாமதம். அந்தத் தாமதத்துக்காகத் திருச்சபையின் பிள்ளையாக நான் மனம் வருந்துகிறேன். அண்ணன் வேலிக்கு எந்தப் பக்கம் கிடக்கிறார் என்பது கடவுளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பாதாளத்தில் படுக்கை போட்டாலும் நீர் அங்கேயும் இருக்கிறீர் என்று சங்கீதம் 139 அவரைப் பார்த்துத்தான் பாடுகிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். இப்போதுள்ள பங்குத்தந்தையிடம் போய், அந்தக் குழியை மந்திரித்துத் தாருங்கள் என்று கேளுங்கள். அண்ணனின் பெயரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரையும் சேர்த்துக்கொடுங்கள். இதை வாசிக்கும் வேறு யாருக்கும் அப்படியான எண்ணம் வந்தால் தனியே இருக்கவேண்டாம். நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம்.

நான் சைவன். பழைய ஏற்பாட்டில் பன்றி கூடாது என்று இருக்கிறதாம். நீங்கள் சாப்பிடுகிறீர்கள். எந்தச் சட்டம் கிறிஸ்தவருக்கு உண்டு, எது இல்லை? — வாசகர், நல்லூர்

நல்ல கேள்வி. லேவியராகமம் 11 இல் அந்தத் தடை இருக்கிறது. கிறிஸ்தவர்களாகும் மற்ற இனத்தார் மோசேயின் சட்டம் முழுவதையும் ஏற்கவேண்டுமா என்று கி.பி. 49 அளவில் எருசலேமில் அப்போஸ்தலர் கூடிப் பேசினார்கள். விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவாயிற்று. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகியவற்றை மட்டும் விலக்கச் சொன்னார்கள். பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. கொலை, களவு, பொய்ச்சாட்சி போன்றவற்றில் கட்டளை எல்லாருக்கும் நிற்கிறது என்பதே பெரும்பாலான சபைகளின் போதனை. ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ற் சபையார் இன்றும் பன்றி சாப்பிடுவதில்லை, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியத் திருச்சபையும் பன்றியைத் தொடாது. சாப்பாட்டை வைத்து ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கவேண்டாம் என்று ரோமர் 14 இல் இருக்கிறது.

ஞாயிறு விடியவே சுன்னாகம் சந்தையில் மரக்கறி போடவேண்டும். பூசைக்குப் போக ஏலாது. பாவமா? — வாசகர், மல்லாகம்

குடும்பத்துக்குச் சோறு போடத் தவிர்க்க முடியாத வேலை என்றால் பாவமில்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று இயேசு சொல்லியிருக்கிறார். ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிறு கடமை நிறைவேறும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் பங்கில் சனி மாலைப் பூசை இல்லையென்றால் பக்கத்துப் பங்கில் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் கண்டாலும் சரிதான்.